கர்னல் பார்க்கின்சனும் ஜிபிஎஸ்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயற்கைக்கோள் அமைப்புகளைப் பற்றி வகுப்பெடுக்கும்போது மாணவர்களிடமிருந்து எழும் கேள்விகளில் பல, சுற்றிச் சுற்றி ஒரே மனிதரின் வாழ்க்கையில் வந்து நிற்பதை நீண்ட காலமாகக் கவனித்துவருகிறேன். அமெரிக்க விமானப்படையில் கர்னலாக இருந்தவரும், ஜிபிஎஸ் திட்டத்தின் முதல் இயக்குநரும், பின்னாளில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியருமான பிராட்ஃபோர்ட் பார்க்கின்சனே அவர். இராணுவப் பொறியாளர், விண்பயணவியல் ஆசிரியர் என்று அவருக்கு இரண்டு வாழ்க்கைகள் இருந்ததாகவே பலரும் எழுதுகிறார்கள். அவை இரண்டும் ஒன்றுதான் என்பது என் எண்ணம். அவரால் கற்பிக்க முடிந்ததால்தான் ஜிபிஎஸ்ஸைக் கட்டவும் முடிந்தது. அதற்கான காரணங்களைக் கீழேயுள்ள விடைகளில் காணலாம்.

கடற்படை அகாடமியில் படித்தவர் விமானப்படை அதிகாரி ஆனது எப்படி?

1935இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பிறந்த பார்க்கின்சன், 1957இல் அன்னாபொலிஸிலுள்ள அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பட்டம் பெற்றார். அமெரிக்க விமானப்படை தனிப்படையாக உருவானது 1947இல்தான். அதன் சொந்த அகாடமி 1954இல் தொடங்கப்பட்டு, முதல் அணி 1959இல்தான் பட்டம் பெற்று வெளியேறியது. அதுவரை கடற்படை அகாடமியிலும் வெஸ்ட் பாயின்ட் தரைப்படை அகாடமியிலும் பட்டம் பெறுவோரில் ஒரு பகுதியினர் விமானப்படையைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. கட்டுப்பாட்டுப் பொறியியலிலும் மின்பொறியியலிலும் நாட்டம் கொண்டிருந்த பார்க்கின்சன் அந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டார். மின்னணுச் சாதனங்களைப் பராமரிக்கும் பயிற்சிக்குப் பின் அவருக்குக் கிடைத்த தொடக்ககாலப் பணி, வாஷிங்டன் மாநிலத்தில் முன்னெச்சரிக்கை ராடார் நிலையமொன்றை மேற்பார்வையிடுவதாகும்.

அவருடைய உயர்கல்வி எத்தகையது? இராணுவம் அதற்கு இடம் கொடுத்ததா?

இடம் கொடுத்தது மட்டுமன்று, திட்டமிட்டே அனுப்பியது. 1961இல் எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வானூர்தி, விண்பயணவியல் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். அப்போது அத்துறைக்குத் தலைவராக இருந்தவர் சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர். வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் பெறாமல், திசைமாற்றத்தை உணரும் கைரோக்களையும் முடுக்கமானிகளையும் மட்டுமே நம்பி ஓர் ஊர்தி தன் இருப்பிடத்தைத் தானே கணித்துக்கொள்ளும் நிலைம வழிகாட்டல் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். அங்கிருந்து நியூ மெக்ஸிகோவிலுள்ள ஹாலோமன் தளத்திற்குச் சென்ற பார்க்கின்சன், நிலைம வழிகாட்டல் கருவிகளைச் சோதிக்கும் மையத்தில் பணியாற்றினார். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து 1966இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இந்த வரிசை முக்கியமானது என்று கருதுகிறேன். நிலைம வழிகாட்டலில் பிழை நேரத்தோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போகும். கைரோ எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்துக் கணக்கு விலகிவிடும். அந்த விலகலைச் சோதனை மையத்தில் நாள்தோறும் அளந்து பார்த்த ஒருவருக்கு, வெளியிலிருந்து வரும் நம்பகமான ஓர் அளவீடு எவ்வளவு மதிப்புடையது என்பதை யாரும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

இராணுவத்தில் இருந்தபோதே அவர் ஆசிரியராகவும் பணியாற்றினாரா?

ஆம். முனைவர் பட்டத்திற்குப் பின் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்திலுள்ள சோதனை விமானிகள் பள்ளியில் பாடம் எடுத்தார். பிறகு கொலராடோ ஸ்பிரிங்ஸிலுள்ள விமானப்படை அகாடமியில் விண்பயணவியல் மற்றும் கணினி அறிவியல் துறையின் தலைவரானார்.

விண்பயணவியல் என்று இங்கே குறிப்பிடுவது, வளிமண்டலத்துக்கு அப்பால் செல்லும் கலங்களின் இயக்கம், கட்டுப்பாடு, வடிவமைப்பு ஆகியவற்றைப் பற்றிய பொறியியலை. வானூர்திப் பொறியியலில் காற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இங்கே காற்று கிடையாது. ஈர்ப்புவிசையும் சுற்றுப்பாதைக் கணிதமும் அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்த அகாடமியில் இத்துறை வெறும் துணைப்பாடமாக இருந்ததில்லை. அங்கு கற்பித்த ஆசிரியர்கள் மூவர் 1971இல் வெளியிட்ட சுற்றுப்பாதை இயக்கவியல் பாடநூல், அரை நூற்றாண்டு கடந்த பின்னும் மாணவர்கள் கையில் புழங்குகிறது. பூமியின் ஆரத்தை ஓர் அலகாகக் கொண்டு கணக்குகளைச் சுருக்கும் அதன் முறையை நானும் அந்த நூலிலிருந்துதான் கற்றேன்.

அவர் போர்க்களம் கண்டவரா?

தென்கிழக்கு ஆசியப் போரின்போது ஏசி-130 தாக்குதல் விமானங்களின் அமைப்புகளை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டு, 26 போர்ப் பறப்புகளில் நேரடியாகப் பங்கேற்றார். இலக்கைத் தவறவிட்ட குண்டு யார் மீது விழுகிறது என்பதை வரைபடத்தில் பார்ப்பது வேறு, விமானத்திலிருந்து பார்ப்பது வேறு. ஜிபிஎஸ் திட்ட அலுவலகத்துக்கு அவர் பிற்காலத்தில் வகுத்துக்கொடுத்த குறிக்கோளில் இரண்டே செய்திகள் இருந்தன. ஐந்து குண்டுகளும் ஒரே குழியில் விழ வேண்டும் என்பது ஒன்று. வழிகாட்டும் ரிசீவரின் விலை 10,000 டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தியைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். துல்லியத்தை மட்டும் கேட்டிருந்தால் அது இராணுவத்துக்குள்ளேயே நின்றுபோயிருக்கக்கூடும். விலையையும் சேர்த்துக் கேட்டதால்தான், பின்னாளில் கைப்பேசிக்குள் அடங்கும் அளவுக்கு அது சுருங்குவதற்கு வழி திறந்தது.

ஜிபிஎஸ்ஸுக்கு முன் செயற்கைக்கோள் வழிகாட்டல் இருந்ததா?

இருந்தது. 1957இல் உலகின் முதல் செயற்கைக்கோளான சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் அதன் சிக்னலைப் பதிவு செய்தனர். அந்தச் செயற்கைக்கோள் (இனிச் சுருக்கமாக, கோள்) நெருங்கும்போதும் விலகும்போதும் அதிர்வெண் மாறும் விதத்தைக் கொண்டே அதன் சுற்றுப்பாதையைக் கணித்துவிட்டனர். சுற்றுப்பாதை தெரிந்தால் கேட்பவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று அவர்களுடைய தலைவர் ஃபிராங்க் மெக்ளூர் அதைத் திருப்பிப்போட்டுச் சிந்தித்ததன் விளைவே கடற்படையின் டிரான்சிட் அமைப்பு. அது 1964இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் ஒரு கோள் தலைக்கு மேல் கடந்துபோகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உயரத்தையும் அது தராது. மெதுவாகச் செல்லும் கப்பலுக்குப் போதுமானதாக இருந்த அது, விமானத்துக்குப் பயன்படவில்லை.

அதன் பிறகு இரண்டு தனித்தனி முயற்சிகள் நடந்தன. கடற்படை ஆராய்ச்சி ஆய்வகத்தில் ரோஜர் ஈஸ்டன் தலைமையில் டைமேஷன் என்ற திட்டம், துல்லியமான கடிகாரங்களைச் செயற்கைக்கோளிலேயே ஏற்றிப் பறக்கவிட்டது. அதன் முதல் கோள் 1967இல் ஏவப்பட்டது. விமானப்படையோ, ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் 621பி என்ற பெயரில், ஒரே நேரத்தில் நான்கு கோள்களிலிருந்து வரும் சிக்னலைக் கொண்டு முப்பரிமாண இருப்பிடத்தைக் கணிக்கும் முறையை ஆராய்ந்துவந்தது. 1972இன் இறுதியில் பார்க்கின்சனின் பொறுப்பில் வந்தது இந்த 621பிதான்.

1973இல் அவருடைய திட்டம் நிராகரிக்கப்பட்டதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

பாதுகாப்புத் துறையில் ஆராய்ச்சி, பொறியியல் பிரிவின் இயக்குநராக 1973இல் மால்கம் கரி என்பவர் பொறுப்பேற்றார். அவர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பணி வாஷிங்டனில் இருந்தாலும், குடும்பம் இன்னும் இடம் மாறாததால் அடிக்கடி லாஸ் ஏஞ்சலிஸ் வந்துபோனார். வரும்போது அங்கிருந்த விமானப்படை விண்வெளிப் பிரிவையும் பார்வையிட்டார். அப்படி வந்த ஒரு நாளில், புதிய வழிகாட்டல் திட்டத்தை அவருக்கு விளக்கும் பொறுப்பு பார்க்கின்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறிய அலுவலக அறை ஒன்றில், துறையின் மிக உயர்ந்த அதிகாரிகளில் ஒருவரும் ஒரு கர்னலும் மட்டும் எதிரெதிரே அமர்ந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினர். வழக்கமான இராணுவ விளக்கவுரையில் இருபது படங்களைக் காட்டிவிட்டு, கேள்விக்கு இடம் கொடுக்காமல் முடித்துவிடுவது வழக்கம். அன்று நடந்தது தனிப்பயிற்சி வகுப்பு. சிக்னல் எப்படி அமையும், பிழை எங்கிருந்து வரும், கடிகாரம் ஏன் முக்கியம் என்று அடிப்படையிலிருந்து தொடங்கி விவாதித்தார்கள். அறிவார்ந்த மாணவரும் பொறுமையான ஆசிரியரும் நேருக்கு நேர் அமைந்த அந்த மூன்று மணி நேரத்தில்தான் திட்டத்துக்கு உண்மையான ஆதரவாளர் ஒருவர் கிடைத்தார்.

இருந்தும் அந்த ஆகஸ்ட் மாதம் உயர்நிலைக் குழுவின் முன் வைக்கப்பட்ட 621பி திட்டம் நிராகரிக்கப்பட்டது. அது விமானப்படையின் தனித் திட்டமாக இருக்கிறது, எல்லாப் படைகளின் நல்ல கருத்துகளையும் உள்ளடக்கிய கூட்டுத் திட்டமாக மாற்றி எடுத்துவாருங்கள் என்பதுதான் கரி சொன்னதன் சாரம்.

பார்க்கின்சன், செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையைத் தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய பன்னிரண்டு பேரைப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் கூட்டினார். நீண்ட வார இறுதி என்பதால் அந்தப் பெரிய கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. குறுக்கிட யாரும் இல்லை. அந்த நாட்களில் எடுத்த முடிவுகளே இன்றைய ஜிபிஎஸ்ஸின் எலும்புக்கூடு. எல்லாக் கோள்களும் ஒரே அதிர்வெண்ணில், ஆளுக்கொரு தனிக் குறியீட்டுடன் ஒலிபரப்பும் சிக்னல் முறை 621பியிலிருந்து வந்தது. விண்வெளியில் அணுக்கடிகாரம் என்பதும், பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சாய்ந்த சுற்றுப்பாதைகள் என்பதும் டைமேஷனின் பாதையை ஒட்டி அமைந்தன. திருத்தப்பட்ட திட்டம் 1973 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது.

நான்கு செயற்கைக்கோள்கள் ஏன் தேவை? மூன்று போதாதா?

இது நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி. வகுப்பில் இதற்கு நூல்கயிறுகளைப் பயன்படுத்துகிறேன். அறையின் கூரையில் மூன்று இடங்களில் மூன்று கயிறுகளைக் கட்டி, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டி, மூன்று முனைகளையும் ஒரு மாணவர் கையில் கொடுத்து, எல்லாம் இறுகும்படி பிடிக்கச் சொல்வேன். கை ஓர் இடத்தில் வந்து நிற்கும், அங்குமிங்கும் அசைக்க முடியாது. கணக்கின்படி கூரைக்கு மேலும் அதே போன்ற ஒரு புள்ளி உண்டு. ஆனால் அங்கே நாம் நிற்க வாய்ப்பில்லை என்பதால் விட்டுவிடலாம். ஆக, இருப்பிடத்தை அறிய மூன்று தொலைவுகள் போதும் என்று மாணவர்கள் மகிழ்ந்துபோவார்கள்.

பிறகு ஒவ்வொரு கயிற்றிலும் ஒரே அளவு நீளத்தைச் சேர்த்துவிட்டு மீண்டும் பிடிக்கச் சொல்வேன். கை கீழே இறங்கிவிடும், ஆனால் மூன்று கயிறுகளும் முன்போலவே இறுக்கமாக நிற்கும். பிழை இருப்பதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. ரிசீவரின் கடிகாரம் தவறினால் நடப்பது இதுதான். தொலைவை நாம் நேரடியாக அளப்பதில்லை. சிக்னல் புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்குகிறோம். ஒளி ஒரு நானோ நொடியில் ஏறக்குறைய 30 செ.மீ. செல்கிறது. ரிசீவரின் மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் எல்லாத் தொலைவுகளும் ஒரே சீராக 300 மீட்டர் பிழையாகும். நான்காவது கயிற்றைக் கொடுத்தால்தான் முரண்பாடு வெளிப்படும். நான்கும் ஒரு புள்ளியில் சேராது. எவ்வளவு நீளத்தை எல்லாவற்றிலிருந்தும் கழித்தால் நான்கும் ஒன்று சேருமோ, அதுவே கடிகாரத்தின் பிழை. மூன்று ஆயத்தொலைவுகள், ஒரு நேரப் பிழை என நான்கு தெரியாதவற்றுக்கு நான்கு சமன்பாடுகள் கிடைத்துவிடுகின்றன.

பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் அணுக்கடிகாரத்தைச் சுமக்கத் தேவையில்லாமல் செய்தது இந்த நான்காவது கோள்தான். 10,000 டாலருக்குள் ரிசீவர் என்ற இலக்கு எட்டக்கூடியதானதும் அதனால்தான்.

இன்னொன்றையும் அதே கயிறுகள் காட்டும். நான்கு கயிறுகளையும் கூரையில் அருகருகே கட்டிவிட்டால், கையைப் பக்கவாட்டில் ஒரு முழம் நகர்த்தினாலும் கயிறுகள் அவ்வளவாகத் தளர்வதில்லை. கோள்கள் வானில் ஒரே பக்கம் குவிந்திருந்தால் துல்லியம் ஏன் குறைகிறது என்பதை அதற்குப் பிறகு மாணவர்கள் மறப்பதேயில்லை.

ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கை ஜிபிஎஸ்ஸுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறதா?

தேவைப்படுகிறது. ஏறக்குறைய 20,200 கி.மீ. உயரத்தில், 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் பூமியைச் சுற்றும் கோளின் கடிகாரம், அதன் வேகத்தால் நாளொன்றுக்குச் சுமார் 7 மைக்ரோ நொடி மெதுவாகவும், ஈர்ப்பு குறைவாக இருப்பதால் சுமார் 45 மைக்ரோ நொடி வேகமாகவும் ஓடுகிறது. மொத்தத்தில் 38 மைக்ரோ நொடி முந்துகிறது. திருத்தாமல் விட்டால், இதற்கு ஈடான தொலைவுப் பிழை ஒரு நாளிலேயே 11 கிலோமீட்டரைத் தாண்டும். அதனால் தரையில் இருக்கும்போதே கோளின் கடிகார அதிர்வெண்ணை 10.23 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 10.22999999543 மெகாஹெர்ட்ஸ் என்று சற்றுக் குறைத்து அமைத்துவிடுகிறார்கள்.

1977 ஜூனில் ஏவப்பட்ட என்டிஎஸ்-2 என்ற சோதனைக்கோள், சீசியம் அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்றது. அதில் இந்தத் திருத்தத்தை இயக்கவும் நிறுத்தவும் வசதி வைத்திருந்தார்கள். முதல் 20 நாட்கள் திருத்தம் இல்லாமலே ஓடவிட்டு அளந்தபோது, கடிகாரம் ஒரு லட்சம் கோடியில் 442.5 பங்கு என்ற வீதத்தில் முந்தியது. கோட்பாடு சொன்னது 446.5. பொறியாளர்கள் கோட்பாட்டை நம்பிக்கையின் பேரில் ஏற்காமல் அளந்து பார்த்தே ஏற்றார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

விண்ணில் கோள்கள் இல்லாதபோது ரிசீவர்களை எப்படிச் சோதித்தார்கள்?

வானத்தைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். அரிசோனாவிலுள்ள யூமா சோதனைக் களத்தின் பாலைவனத் தரையில், செயற்கைக்கோளைப் போன்றே சிக்னல் அனுப்பும் கருவிகளை நிறுவி, அவற்றுக்கு மேல் விமானங்களைப் பறக்கவிட்டு ரிசீவர்களைச் சோதித்தார்கள். 1978 பிப்ரவரி 22 அன்று முதல் ஜிபிஎஸ் கோள் ஏவப்பட்டதற்குப் பின், விண்ணிலுள்ள கோள்கள் ஒவ்வொன்றாகத் தரைக் கருவிகளின் இடத்தை எடுத்துக்கொண்டன. 24 கோள்களும் கொண்ட அமைப்பு முழுச் செயல்பாட்டை எட்டியதாக அறிவிக்கப்பட்டது 1995 ஏப்ரலில்தான்.

விமானப்படை இத்திட்டத்தை மனதார ஆதரித்ததா?

இல்லை. வழிகாட்டல் என்பது எல்லாருக்கும் பயன்படும் பொதுச் சேவை, அதற்கான பணம் மட்டும் விமானப்படையின் பையிலிருந்து போக வேண்டும் என்பது பலருக்கு உறுத்தலாக இருந்தது. புதிய விமானம் வாங்குவதா, விமானங்களுக்கு வழிகாட்டும் கோள் வாங்குவதா என்ற போட்டியில் விமானமே முன்னால் நின்றது. 1970களின் இறுதியில் நிதி வெட்டப்பட்டு, 24 கோள்கள் என்ற திட்டம் 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் விமானப்படை தன் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து ஜிபிஎஸ்ஸை நீக்கியபோது, பாதுகாப்பு அமைச்சரின் அலுவலகம்தான் தலையிட்டு நிதியை மீட்டது. பார்க்கின்சன் 1978இலேயே ஓய்வு பெற்றுவிட்டிருந்தாலும், அவர் தேர்ந்தெடுத்து வளர்த்த அதிகாரிகள் பலர் உள்ளே இருந்து போராடினார்கள். உயர்பட்டம் பெற்ற இளம் அதிகாரிகளைத் தாமே பொறுக்கியெடுக்கும் உரிமையை அவர் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கியிருந்தார். அந்த முன்யோசனை அப்போது பலன் தந்தது.

அவரை ‘ஜிபிஎஸ்ஸின் தந்தை’ என்று அழைப்பது சரியா?

பட்டம் பொருத்தமானதுதான், ஆனால் தனியுரிமை அன்று. ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷனின் தலைவராக இருந்த ஐவன் கெட்டிங், கோள்களைக் கொண்டு வழிகாட்டும் எண்ணத்துக்காக அதற்கு முன்பே அதிகார மையங்களில் வாதாடியவர். 2003ஆம் ஆண்டின் டிரேப்பர் பரிசு கெட்டிங்குக்கும் பார்க்கின்சனுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. எம்ஐடியில் பார்க்கின்சன் படித்த துறையின் தலைவர் பெயரிலேயே அமைந்த பரிசு அது. டைமேஷனுக்காக ஈஸ்டனுக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 2019இல் இராணி எலிசபெத் பொறியியல் பரிசைப் பார்க்கின்சனுடன் பகிர்ந்துகொண்டவர்கள், சிக்னல் அமைப்பை வகுத்த ஜேம்ஸ் ஸ்பில்கர், அணுக்கடிகாரத்தை விண்ணுக்கு ஏற்றதாக்கிய ஹியூகோ ஃபுரூஹாஃப், கோள்களை உருவாக்கிய ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் ஆகியோர். பூமியின் உண்மையான வடிவத்தைக் கணினியில் மாதிரியாக்கிய கிளாடிஸ் வெஸ்ட்டின் பங்கு வெகு தாமதமாகவே பலருக்குத் தெரியவந்தது.

யார் முதலில் நினைத்தார்கள் என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் குறைவு. மூன்று படைகளிலும் சிதறிக்கிடந்த நல்ல எண்ணங்களை, தம் அலுவலகத்தின் எண்ணம் எது, பிறருடையது எது என்று பாராமல் ஒரே அமைப்பாகக் கோத்தவர் பார்க்கின்சன். அமைப்புப் பொறியியல் என்பதன் சரியான பொருள் அதுவே.

ஓய்வுக்குப் பின் மீண்டும் கற்பித்தாரா?

சிறிது காலம் பல்கலைக்கழகத்திலும் தொழில் நிறுவனங்களிலும் பணியாற்றிவிட்டு, 1984இல் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவருடைய குழுவின் மாணவர்கள் சென்டிமீட்டர் அளவுத் துல்லியத்தில் ஜிபிஎஸ்ஸைப் பயன்படுத்தும் வழிகளைக் கண்டறிந்தனர். 1994 அக்டோபரில், பயணிகள் விமானமான போயிங் 737 ஒன்று ஜிபிஎஸ்ஸின் வழிகாட்டலில் 110 முறை தானாகவே தரையிறங்கியது. ஒன்றிரண்டு வெற்றி யாரையும் நம்பவைக்காது என்பதால்தான் அத்தனை முறை. ஓட்டுநர் கைவைக்காமல் வயலில் நேர்கோட்டில் உழும் டிராக்டரும் இதே குழுவிலிருந்து வந்ததுதான்.

கிராவிட்டி ப்ரோப் பி திட்டத்தில் அவருடைய பங்கு என்ன?

சுழலும் பூமி தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை இழுத்துச் செல்கிறது என்ற சார்பியல் கணிப்பைச் சோதிக்க, ஃபிரான்சிஸ் எவெரிட் தலைமையில் ஸ்டான்ஃபோர்ட் நடத்திய திட்டம் அது. பார்க்கின்சன் அதன் இணை முதன்மை ஆய்வாளராகவும் பல ஆண்டுகள் திட்ட மேலாளராகவும் இருந்தார். மேசைப்பந்து அளவுள்ள நான்கு குவார்ட்ஸ் கோளங்களே அதன் கைரோக்கள். 2004 ஏப்ரலில் ஏவப்பட்டு, 2011இல் இறுதி முடிவுகள் வெளியாயின. எதிர்பார்க்கப்பட்ட விலகல் ஆண்டுக்கு 39 மில்லி வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு), அளந்தது 37.2. பிழையெல்லை 7.2 என்பதால் இது எதிர்பார்த்த அளவுக்குக் கூர்மையான சோதனையாக அமையவில்லை. கோளங்களின் மேற்பரப்பில் ஏற்பட்ட மின்னேற்றத் திட்டுகளே அதற்குக் காரணம். ஆனால் அந்தக் குறையைத் தாங்களே கண்டறிந்து, பல ஆண்டுகள் உழைத்துக் கணக்கிட்டு நீக்கியதை இளம் ஆய்வாளர்கள் படிக்க வேண்டும்.

விமானப்படை அகாடமியில் இன்றும் இப்படித்தான் கற்பிக்கிறார்களா?

மாணவர்கள் தங்கள் கையாலேயே செயற்கைக்கோளைக் கட்டி, பறக்கவிட்டு, இயக்கும் ஃபால்கன்சாட் என்ற திட்டம் அங்கு நடைபெற்றுவருகிறது. அதில் எனக்கு மறக்க முடியாதது ஃபால்கன்சாட்-2. கொலம்பியா விண்ணோட விபத்துக்குப் பின் ஏறிச்செல்ல வாகனம் இல்லாமல் காத்திருந்த, 20 கிலோவுக்கும் சற்றுக் குறைந்த எடையுள்ள அந்தக் கோளுக்கு, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட்டின் முதல் பயணத்தில் இடம் கிடைத்தது. 2006 மார்ச் 24 அன்று பசிபிக் பெருங்கடலின் குவாஜலைன் பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஒமெலெக் தீவிலிருந்து ராக்கெட் கிளம்பியது. எரிபொருள் குழாயிலிருந்த ஓர் அலுமினிய நட்டு உப்புக்காற்றில் அரிக்கப்பட்டிருந்ததால் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்து, அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் எஞ்சின் நின்றது. ராக்கெட் கடலில் விழுந்தது. அதிலிருந்து பிய்த்தெறியப்பட்ட செயற்கைக்கோளோ தீவிலிருந்த பட்டறைக் கொட்டகையின் கூரையைப் பொத்துக்கொண்டு, தான் வந்து இறங்கிய பெட்டிக்குச் சில அடி தொலைவில் தரையில் வந்து விழுந்தது.

பல மாணவர் அணிகளின் உழைப்பு அது. அடுத்த ஆண்டே, 2007 மார்ச்சில், ஃபால்கன்சாட்-3 அட்லஸ் 5 ராக்கெட்டில் சுற்றுப்பாதையை அடைந்து பல ஆண்டுகள் இயங்கியது. ஒரு நட்டின் உலோகம் எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்வி, அந்த வகுப்பு மாணவர்களுக்கு ஒருபோதும் சிறு கேள்வியாக இருந்திருக்காது.

இத்துறைக்கு வர விரும்புவோர் முதலில் எதில் தேர்ச்சி பெற வேண்டும்?

நேர்கோட்டு இயற்கணிதமும் நிகழ்தகவும். சுற்றுப்பாதைக் கணிதத்தின் அழகில் மயங்கி வருபவர்கள் அதிகம். நடைமுறையில் வேலையின் பெரும்பகுதி, பிழையுள்ள பல அளவீடுகளைச் சேர்த்து நம்பகமான ஒரு மதிப்பீட்டை எட்டுவதுதான். அதற்கு அடுத்ததாக, சோதனைக் கூடத்தில் ஏதேனும் ஒரு கருவியைக் குறைந்தது ஓராண்டாவது அளந்து பழக வேண்டும். மூன்றாவதாக, தெரிந்ததைப் பிறருக்கு எழுதியும் சொல்லியும் விளக்கும் பயிற்சி. இதை நான் விருப்பப் பாடமாகக் கருதுவதில்லை. மூன்று மணி நேரம் கேள்வி கேட்கும் ஒருவர் எதிரே அமர்ந்தால் தடுமாறாமல் விடை சொல்ல முடியாத பொறியாளருக்கு, தம் வடிவமைப்பே இன்னும் முழுமையாகப் புரியவில்லை என்றுதான் பொருள்.

தாம் உருவாக்கிய அமைப்பைப் பற்றி அவருக்குக் கவலைகள் உண்டா?

உண்டு. தரையை வந்தடையும் ஜிபிஎஸ் சிக்னலின் ஆற்றல், ஒரு வாட்டின் கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அதை மூழ்கடிக்கச் சிறிய குறுக்கீட்டுக் கருவியே போதும். பொய்ச் சிக்னல் அனுப்பி ரிசீவரை ஏமாற்றவும் முடியும். அமெரிக்க அரசுக்கு இத்துறையில் ஆலோசனை வழங்கும் தேசியக் குழுவில் நீண்ட காலம் பொறுப்பு வகித்த பார்க்கின்சன், மூன்று வழிகளைத் தொடர்ந்து வலியுறுத்திவந்தார். சிக்னலின் அலைவரிசையைச் சட்டத்தால் காப்பது, ரிசீவர்களை வலுப்படுத்துவது, பிற வழிகாட்டல் மூலங்களைத் துணைக்குச் சேர்ப்பது என்பன அவை. இவற்றில் இரண்டாவதற்கு அவர் தனி அழுத்தம் தந்தார். கோள் இருக்கும் திசைக்கு மட்டும் செவிசாய்த்து, குறுக்கீடு வரும் திசையை அடைத்துவிடும் ஆன்டெனாக்களும், ரிசீவரோடு இறுக இணைக்கப்பட்ட நிலைம உணரிகளும் அதன் கருவிகள். சிக்னல் அற்றுப்போகும் நிமிடங்களில், ஹாலோமன் சோதனை மையத்தில் இளம் அதிகாரியாக அவர் சோதித்துக்கொண்டிருந்த அதே நிலைம வழிகாட்டல் முறைதான் கணக்கைத் தொடர்கிறது.